சுவரில் ஒரு கிறுக்கல்

பிள்ளைகள் உள்ள வீட்டில் கிறுக்கல் இல்லாத சுவரைக் காண்பது அரிது. கதிரைக்குப் பின்னால் பெஸ்டலில் வரைந்த வீடு, அறைச் சுவரில் பேனையால் எழுதிய பெயர், வெளி மதிலில் யாரோ கரியால் இழுத்த கோடு... "பிள்ளைதானே" என்று சிரித்து விடுகிறோம். பெருநாளைக்கு வெள்ளையடிக்கும்போது பார்த்துக் கொள்ளலாம் என்றும் இருந்து விடுகிறோம்.

சுவர் அதுவரை பொறுத்திருக்காது. சீமெந்துச் சாந்திலும் சுண்ணாம்பிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைய உண்டு. மையும் ஸ்பிரே பெயின்டும் அத்துளைகளுக்குள் இறங்கி, நாளாக நாளாக இறுகி விடும். எனவே, கண்ட அன்றே துடைப்பதுதான் முதல் வைத்தியம்.

பென்சில் கோட்டுக்குச் சுத்தமான அழிறப்பர் போதும். பெஸ்டலுக்குச் சவர்க்காரம் கரைத்த இளஞ்சூட்டு நீரும் மெல்லிய துணியும் போதும். எதைப் பாவித்தாலும் முதலில் ஒரு மூலையில் சிறிதாகத் தேய்த்துப் பாருங்கள். மண்ணெண்ணெய், தின்னர் போன்றவற்றை எடுக்காதீர்கள். அவை மையைக் கரைத்து இன்னும் ஆழமாக இறக்கும். தீப்பற்றும் அபாயமும் உண்டு. மார்க்கர் பேனைக் கறையின் மேல் நேரே பெயின்ட் அடித்தால், சில நாட்களில் மை மேலே கசிந்து வரும். கறையை மறைக்கும் பிரைமரை முதலில் பூசி, அதன் பிறகே பெயின்ட் அடிக்க வேண்டும்.

வருமுன் காப்பதும் கடினமல்ல. பிள்ளைகளின் கை எட்டும் உயரத்துக்குக் கழுவக்கூடிய பெயின்டைப் பூசுங்கள். வெளி மதிலோரம் செடிகளை நட்டு, இரவில் ஒரு விளக்கையும் எரிய விட்டால் கிறுக்க வருபவர் தயங்குவார்.

பெரிய கட்டிடங்களுக்கு இருவகைக் காப்புப் பூச்சுகள் உள்ளன. ஒன்று மெழுகு போன்றது. கிறுக்கலைக் கழுவும்போது பூச்சும் சேர்ந்து போய்விடும். மீண்டும் பூச வேண்டும். மற்றது பொலியூரித்தேன் போன்ற நிலையான பூச்சு. கிறுக்கலை மட்டும் துடைத்து எடுக்கலாம். ஆனால் பழைய சுண்ணாம்புச் சுவருக்கு இது ஒத்துவராது. உள்ளே தங்கும் ஈரம் வெளியேற வழியின்றிச் சாந்து உதிரத் தொடங்கும்.

இப்படி எந்தப் பூச்சையும் நம்பி விட்டுவிட முடியாத ஒரு சுவர் நம் நாட்டிலேயே இருக்கிறது. அதுதான் ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்பன் மன்னன் எழுப்பிய சீகிரியாவின் கண்ணாடிச் சுவர். அங்கு வந்தோர் பல நூற்றாண்டுகளாக அதில் சிங்களக் கவிகளைக் கீறி வைத்தனர். அவற்றுள் 685 கவிகளைப் பேராசிரியர் செனரத் பரணவிதான வாசித்து 1956 இல் நூலாக வெளியிட்டார்.

"அவர்கள் எழுதலாம், நான் எழுதக் கூடாதா?" என்று உங்கள் மகள் கேட்கக் கூடும். நியாயமான கேள்விதான். இன்று நாம் இழுக்கும் ஒரு கோடு, ஆயிரம் வருடத்துக்கு முன் ஒருவர் எழுதிய வரியை வெட்டிக்கொண்டு போகும் என்று சொல்லுங்கள். உதிர்ந்த சாந்தைத் திரும்ப ஒட்ட முடியாது.

சட்டமும் இதனை விளையாட்டாக எடுப்பதில்லை. 2015 இல் அச்சுவரில் தன் பெயரைக் கீறிய ஓர் இளம் பெண்ணுக்கு இரண்டு வருடச் சிறைத்தண்டனை கிடைத்தது. பின்னர் ஜனாதிபதியின் மன்னிப்பால் விடுதலையானார். அதுவரை அந்த வீட்டார் பட்ட பாட்டைச் சற்று எண்ணிப் பாருங்கள். அது குற்றம் என்று ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால்?

அந்த ஒருவர் நீங்களாக இருங்கள். பாடசாலைச் சுற்றுலாவுக்குச் சாப்பாட்டுப் பார்சலைக் கட்டிக் கொடுக்கும்போது, "சுவரில் கை வைக்காதே மகள்" என்ற சொல்லையும் சேர்த்துக் கொடுங்கள். வீட்டிலோ, ஒரு பெரிய தாளைச் சுவரில் ஒட்டி, "உன் இடம் இது" என்று காட்டுங்கள். எழுதும் ஆசையைத் தடுக்க வேண்டாம். எழுதும் இடத்தைப் பழக்கினால் போதும்.