கைக்குள் ஒரு காடிலாக்!



"பாலிடெக்னிக் படிக்கிற பையன் பொம்மைக் கார் வாங்கிட்டு வர்றான் பாரு!" என்று எங்கள் வீட்டில் சிரித்தார்கள். நடைபாதைக் கடையில் வாங்கிய, உள்ளங்கையில் அடங்கும் 1957-ஆம் வருட செவர்லே பெல் ஏர் கார் அது. ஆனால் முதலாண்டு டிராயிங் வகுப்பில் 'ஸ்கேல்' என்றால் என்னவென்று புரியாமல் நான் திணறினேன். வீட்டில் கேட்கலாமென்றால் டிராயிங் ஷீட்டைப் பார்த்தவர்களே யாரும் இல்லை. கடைசியில் அதைப் புரிய வைத்தது இந்தப் பொம்மைதான்.

அமெரிக்காவில் பழைய கார்களின் மாதிரிகளைச் சேகரிப்பது சின்னப் பிள்ளைகள் விளையாட்டு அல்ல, பெரியவர்களின் பொழுதுபோக்கு. அவர்கள் அப்படி எதைத்தான் பார்க்கிறார்கள்? முதலில் பார்ப்பது அளவை!

எத்தனையில் ஒன்று?

1:18, 1:24, 1:25, 1:43, 1:64 ஆகியவை அதிகம் புழங்கும் விகிதங்கள். 1:24 என்றால் நிஜக் காரின் ஓர் அடி, மாதிரியில் அரை அங்குலம். 1:43 என்ற விசித்திர எண் பொம்மை ரயிலிலிருந்து வந்தது. அங்கே ஓர் அடிக்கு 7 மி.மீ. கணக்கு. 304.8-ஐ 7-ஆல் வகுத்துப் பாருங்கள், 43.5 வரும்.

வால் பக்கம் ராக்கெட் போல இறக்கை வைத்த 1959 காடிலாக்கை எடுத்துக்கொள்வோம். நீளம் 225 அங்குலம், அதாவது 5715 மி.மீ. 1:18 மாதிரியில் இது 317 மி.மீ. நம் பையில் இருக்கும் ஒரு அடி ஸ்கேலைவிடக் கொஞ்சம் நீளம். 1:43-இல் 133 மி.மீ., 1:64-இல் 89 மி.மீ.தான்.

டப்பாவில் 1:64 என்று போட்டிருந்தால் நம்பிவிடலாமா? கூடாது! 1957 பெல் ஏர் காரின் நீளம் 5080 மி.மீ., முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் இடைவெளி 2921 மி.மீ. சரியான 1:64 மாதிரியில் இவை 79.4, 45.6 என்று வரவேண்டும். வெர்னியரை வைத்து இரண்டையும் அளந்து, தனித்தனியே விகிதம் போடுங்கள். இரண்டு விடையும் ஒன்றானால் அது நேர்மையான மாதிரி. என் நடைபாதைக் கார் இதில் ஃபெயில்! மலிவான கார்கள் பலவற்றை ஒரே அளவு அட்டையில் அடங்கும்படி செய்வதால், பெரிய கார் சுருங்கும், சின்னக் கார் பெருக்கும்.

எடை ஏன் பொருந்தாது?

நீளம் 18-இல் ஒன்றானால் கன அளவு 18 × 18 × 18, அதாவது 5832-இல் ஒன்று. சுமார் 2200 கிலோ காடிலாக் 380 கிராமுக்குக் கிட்டத்தட்டத்தான் வரவேண்டும். ஆனால் கையில் எடுத்தால் அதைவிட இரண்டு மூன்று மடங்கு கனக்கிறது. காரணம் தகட்டின் கனம். நிஜக் காரின் தகடு ஏறக்குறைய 1 மி.மீ. அதை 18-ஆல் வகுத்தால் தலைமுடி அளவுதான். அவ்வளவு மெல்லிசாக வார்க்க முடியாது. அதனால்தான் மாதிரியின் கதவைத் திறந்தால் கோட்டைக் கதவு போலத் தடிமனாக இருக்கிறது.

வார்ப்புக்குப் பயன்படுவது 'ஜமாக்' என்ற துத்தநாகக் கலவை. துத்தநாகத்தோடு சுமார் 4 சதவீதம் அலுமினியம், சிறிது மக்னீசியம், செம்பு. உருக்கி, எஃகு டைக்குள் அழுத்தத்தோடு செலுத்துவார்கள். இதில் ஈயம் துளி கலந்துவிட்டாலும் ஆபத்து. வருடங்கள் போகப் போக உள்ளுக்குள்ளேயே அரித்து, வெடித்து, பொடிப்பொடியாகிவிடும். 1930-களின் மாதிரிகள் பல இப்படித்தான் போயின. மேலே பெயின்ட் பளபளத்து என்ன செய்ய, உலோகம் சுத்தமாக இல்லாவிட்டால்?

கார் போனது, அளவு நின்றது

1950-களில் அமெரிக்கக் கார் ஷோரூம்களில் புது மாடல் வந்தால், அதே நிறத்தில் 1:25 பிளாஸ்டிக் மாதிரிகளும் வரும். ஏ.எம்.டி., ஜோ-ஹான் போன்ற கம்பெனிகள் செய்தவை. ஆரம்ப கால அசிடேட் பிளாஸ்டிக் வெயிலில் போட்ட அப்பளம் போல நெளிந்துவிடும். நெளியாத ஒன்று கிடைத்தால் சேகரிப்பவருக்குப் புதையல்.

இதில் என்னை உலுக்கியது கிரைஸ்லர் டர்பைன் காரின் கதை. பிஸ்டன் எஞ்சினுக்குப் பதில் விமானத்தில் இருப்பது போல வாயு டர்பைன் வைத்த கார். மொத்தமே 55 செய்தார்கள். 1963 முதல் 1966 வரை 203 பேருக்கு இலவசமாக ஓட்டிப் பார்க்கக் கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். பிறகு பெரும்பாலானவற்றை நிறுவனமே அழித்துவிட்டது. மிஞ்சியவை 9. ஆனால் ஜோ-ஹான் செய்த 1:25 மாதிரிகள் எத்தனையோ வீட்டு அலமாரிகளில் இன்றும் இருக்கின்றன! நிஜக் காரைப் பார்க்கக் கொடுத்து வைக்காதவர்களும் அதன் வடிவத்தைக் கையில் பிடித்துப் பார்க்க முடிகிறது.

மாதிரி செய்து முன்னேறியவர்கள்

வாங்கித்தான் சேகரிக்க வேண்டுமா? ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பாடி பிரிவு 1930 முதல் 1968 வரை பையன்களுக்கு மாதிரி செய்யும் போட்டி நடத்தியது. பரிசு, கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகை. மரத்தைச் செதுக்கி 1:12 அளவில் சொந்தக் கற்பனைக் கார் செய்து அனுப்புவார்கள். 1947-இல் முதல் பரிசு வாங்கிய சக் ஜோர்டன், 1986-இல் அதே ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் துறைத் துணைத் தலைவர் ஆனார். பெண் பிள்ளைகளைச் சேர்க்காததுதான் அந்தப் போட்டியின் குறை. நம் வகுப்புத் தோழியர் கலந்திருந்தால் எத்தனை பரிசு தட்டியிருப்பார்களோ!

நண்பர்களே, காசு அதிகம் வேண்டாம். ஒரு சின்னக் கார், ஒர்க்‌ஷாப்பில் ஒரு பத்து நிமிஷம் வெர்னியர், ஒரு பேப்பர் போதும். அளந்து, மூன்று காட்சிகளும் வரைந்து பாருங்கள். நான் வரைந்தது எங்கள் வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறது. சிரித்த அப்பாவே இப்போது எந்தப் பொம்மையைப் பார்த்தாலும் கேட்கிறார்: "ஏம்ப்பா, இது எத்தனையிலே ஒண்ணு?"