பெரணியின் குடும்பம் சொல்லும் தூள்

கம்பம் பள்ளத்தாக்கில் பழைய கிணறு எதை எட்டிப் பார்த்தாலும் சுவரில் பெரணி தொங்கும். அதன் இலையைத் திருப்பினால் அடியில் பழுப்புப் புள்ளிகளோ கோடுகளோ இருக்கும். நோய் விழுந்துவிட்டதென்று கிள்ளி எறிபவர்கள் உண்டு. அது நோயல்ல. வித்துப்பைகள். பூவும் காயும் இல்லாத பெரணி அவற்றிலிருந்து உதிரும் வித்துத் தூளைக் கொண்டுதான் பரவுகிறது.

ஒரு வித்தின் அளவு பெரும்பாலும் 20 முதல் 60 மைக்ரான். நுண்ணோக்கியில் வைத்தால் இரண்டு வடிவங்கள் பளிச்சென்று பிரியும். தாய்ச்செல் ஒன்று நான்கு வித்துகளாகிறது. ஒவ்வொன்றும் மற்ற மூன்றையும் தொட்டபடி கூம்பாகக் குவிந்திருந்தால், பிரிந்த பிறகு முக்கோண வித்தில் மூன்று கிளைத் தழும்பு நிற்கும். ஆரஞ்சுச் சுளைகள் போல ஒட்டியிருந்தால், மொச்சைப் பயறு வடிவமும் ஒற்றைக்கோட்டுத் தழும்பும் வரும். கிணற்றுச் சுவரின் டெரிஸ் விட்டாட்டாவும் வீட்டுத் தொட்டியின் நெஃப்ரோலெப்பிஸும் சீப்புப் பல் இலையால் உறவுபோலத் தோன்றும். டெரிஸில் மூன்று கிளை, நெஃப்ரோலெப்பிஸில் ஒற்றைக்கோடு. இரண்டும் வேறு குடும்பம்.

ஆங்கிலேய வன அதிகாரி பெட்டோம் 1863-64இல் தென்னிந்தியப் பெரணிகளைப் படத்தோடு நூலாக்கினார். அக்காலத்தில் பெரும்பாலான பெரணிகள் பாலிபோடியேசி என்ற ஒரே குடும்பத்தில் அடைக்கப்பட்டிருந்தன. 1940இல் சீன அறிஞர் சிங் அதை 33 குடும்பங்களாகப் பிரித்தார். 1960களில் பி.கே. நாயரும் சாந்தா தேவியும் இந்தியப் பெரணிகளின் வித்துகளைக் குடும்பம் குடும்பமாக ஆராய்ந்து எழுதினார்கள். வெளியுறையின் முள், மடிப்பு, வலைப்பின்னல் எல்லாம் அடையாளங்களாயின. நம் பெரணியியலின் பெருமைமிக்க பணிகளில் அதுவும் ஒன்று என்பேன்.

எண்ணிக்கையும் பேசும். பெரும்பாலான பெரணிகளில் ஒரு பைக்கு 64 வித்துகள். 32 மட்டுமே இருந்தால், கருவுறாமலே இனம்பெருக்கும் செடியாக இருக்கலாம். வித்துகள் சுருங்கி உருக்குலைந்திருந்தால் கலப்பினமோ என்று சந்தேகிக்க வேண்டும். அதை உறுதிசெய்யக் குரோமோசோம்களை எண்ண வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலைப் பெரணிகளுக்கு அந்த வேலையைச் செய்து 1988இல் நூலாக்கியவர்கள் வி.எஸ். மாணிக்கமும் வி. இருதயராஜும்.

ஆனால் வித்தை மட்டும் நம்பினாலும் தவறலாம். உயர்மலையில் பாசி மூடிய மரங்களில் வளரும் கிராமிடிஸ் வகைகளின் வித்து பச்சையானது, மூன்று கிளைத் தழும்புள்ளது. பாலிபோடியேசியிலோ ஒற்றைக்கோடு. அதனால் கிராமிடிஸைத் தனிக் குடும்பமாக வைத்திருந்தார்கள். டி.என்.ஏ. ஆய்வு அதைப் பாலிபோடியேசிக்குள்ளேயே சேர்த்துவிட்டது. 2016இன் உலக வகைப்பாடும் அப்படியே ஏற்றது.

தேனி மாவட்டத் தாவரவியல் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். போடி மலையிலோ மேகமலையிலோ வனத்துறை அனுமதியோடு பெரணி சேகரிக்கும்போது, இலையை மட்டும் உலர்த்தி ஒட்டாதீர்கள். முதிர்ந்த இலையை ஓரிரவு வெள்ளைத்தாளில் கவிழ்த்து வையுங்கள். உதிரும் தூளைப் பொட்டலமாக மடித்து, இலைக்கு இட்ட அதே எண்ணை அதன்மேலும் எழுதுங்கள்.