சோதனையையே ஏமாற்றும் கார்பன்

ஆண்டி வைரஸ் புரோகிராமை இயக்குகிறீர்கள். 'வைரஸ் எதுவும் இல்லை' என்று செய்தி வருகிறது. ஆனால் சில வைரஸ்கள் அந்தப் புரோகிராமையே முடக்கிவிடும். அப்போது அந்தச் செய்தியை எப்படி நம்புவது? மருத்துவத்திற்காகக் கார்பன் நானோ பொருட்களைச் சோதிப்பவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு.

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு நானோமீட்டர். சில நானோமீட்டர் பருமனுள்ள கார்பன் குழாய்களே கார்பன் நானோகுழாய்கள். கீழடியில் கிடைத்த பானை ஓடுகளின் கறுப்புப் பூச்சில் இவை இருப்பதாக வேலூர் வி.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-ல் தெரிவித்தனர். பானையில் இருப்பது வேறு. உடலுக்குள் செலுத்துவது வேறு. புற்றுநோய் மருந்தைச் சுமந்து செல்ல இவற்றைப் பயன்படுத்தலாமா என்று ஆராய்கிறார்கள். அதற்கு முன், இவை நம் செல்களைக் கொல்லுமா என்று பார்க்க வேண்டும்.

இதற்குப் பரவலாகப் பயன்படுவது எம்.டி.டி. சோதனை. எம்.டி.டி. என்பது ஒரு மஞ்சள் நிறச் சாயம். உயிருள்ள செல்கள் இதை ஊதா நிறமாக மாற்றும். ஊதா குறைந்தால் செல்கள் இறந்துவிட்டன என்று கணக்கு.

நானோகுழாய்களை இப்படிச் சோதித்தபோது ஊதா குறைந்தது. 2006-ல் ஜெர்மனி ஆய்வாளர்கள் காரணத்தைக் கண்டுபிடித்தனர். ஊதாப் படிகங்கள் குழாய்களில் ஒட்டிக்கொண்டு, கரையாமல் நின்றுவிட்டன. வேறு சோதனைகளில் பார்த்தபோது செல்கள் உயிரோடுதான் இருந்தன! கிராபீன் என்ற கார்பன் தகடு இதற்கு நேர்மாறு. செல்களின் உதவியின்றித் தானே சாயத்தை ஊதாவாக்கிவிடும். முதல் தவறால் நல்ல மருந்து கைவிடப்படலாம். இரண்டாவதால் ஆபத்தான பொருள் நோயாளியை எட்டலாம்.

இதற்கு என்ன வழி?

1. செல்களே இல்லாமல், நானோ பொருளையும் சாயத்தையும் மட்டும் கலந்து பார்க்க வேண்டும். அப்போதும் நிறம் மாறினால் அது பொருளின் வேலை.

2. வேறு முறையில் இயங்கும் இன்னொரு சோதனையும் அதே முடிவைத் தர வேண்டும்.

3. வடிவத்தையும் பார்க்க வேண்டும். நீளமான நானோகுழாய்கள் எலிகளின் வயிற்றறைக்குள் ஆஸ்பெஸ்டாஸ் இழை போலப் பாதிப்பு உண்டாக்கியதை 2008-ல் வெளியான ஆய்வு காட்டியது. சுருண்ட குட்டைக் குழாய்கள் அப்படிச் செய்யவில்லை.

எனவே 'கார்பன் நானோ பாதுகாப்பானதா?' என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. நம் நாட்டில் நானோ மருந்துகளை மதிப்பிட 2019-ல் வழிகாட்டு நெறிகள் வெளியாகின. இனி 'சோதிக்கப்பட்டது' என்று எங்காவது படித்தால், எந்தப் பொருள், எந்தச் சோதனை, எத்தனை முறைகளில் என்றும் கேளுங்கள்.