தொப்புள் ஆறாத சுறா

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை ஏலம் பாதி முடிந்திருந்தது. ஈரத் தரையில் கொட்டிக் கிடந்த சுறாக் குவியலுக்கு முன்னால் ஒரு கல்லூரி மாணவி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் தையல்காரர் டேப், காதில் பென்சில். மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை அளப்பாள், நோட்டில் குறிப்பாள், சுறாவைப் புரட்டிப்போடுவாள். வயிற்றுத் துடுப்புகளுக்கு நடுவே இரண்டு குச்சிகள் நீட்டிக்கொண்டிருந்தால் ஆண், இல்லாவிட்டால் பெண்.

“இன்னா பாப்பா, மீனு வாங்க வந்தியா, சட்ட தைக்க வந்தியா?” என்று கூடைக்கார அம்மா ஒருவர் கேட்க, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு ஒரு முழம்கூட இல்லாத ஒரு குட்டியை எடுத்து என்னிடம் நீட்டினாள். மார்புத் துடுப்புகளுக்கு நடுவே, தொண்டைக்குக் கீழே சின்னதாக ஒரு கீறல்.

“தொப்புள் சார். இன்னும் மூடல. பொறந்து கொஞ்ச நாள்தான் ஆயிருக்கும்.”

அது பால் சுறா. முட்டையிடும் ஜாதியல்ல, தாயின் வயிற்றில் கொடியோடு ஒட்டி வளர்ந்து பிறப்பது. சுமார் ஒரு வருடம் சுமந்து, பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்து குட்டிதான் போடும். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டும் என்று நாம் புட்டு செய்து கொடுப்பது இதைத்தான். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் பெயரும் அந்த நம்பிக்கையிலிருந்து வந்ததுதான்.

‘சுறாவோடு ஒரு விடுமுறை’ என்று எழுதத்தான் என்னைக் கேட்டிருந்தார்கள். எழுத விஷயமும் இருக்கிறது. பஹாமாஸ் தீவுக்கூட்டத்தில் பிமினி என்றொரு குட்டித் தீவு. சாமுவேல் க்ரூபர் என்ற விஞ்ஞானி 1990-ல் அங்கே ஓர் ஆய்வு நிலையம் தொடங்கினார். உலகின் பல மூலைகளிலிருந்தும் இளைஞர்கள் வந்து தங்கி, எலுமிச்சைச் சுறாக் குட்டிகளை வலையில் பிடித்து, அடையாளச் சில்லு பொருத்தி, திரும்பக் கடலில் விடுகிறார்கள். மல்லாத்திப் பிடித்தால் அந்தச் சுறா மயங்கினாற்போல அசையாமல் கிடக்கும். இப்படி வருடக்கணக்காகக் குறித்ததில்தான், பிறந்த இடத்துக்கே திரும்பி வந்து தாய்ச் சுறா குட்டி போடுகிறது என்று தெரிந்தது. நம் ஊர்த் தலைப்பிரசவம் மாதிரி! பஹாமாஸ் அரசு 2011-ல் வணிகச் சுறாப் பிடிப்பையே தடை செய்துவிட்டது.

நல்ல காரியம், சந்தேகமில்லை. ஆனால் இந்த மாதிரித் தொண்டுக்குப் பல இடங்களில் நாம்தான் பணம் கட்ட வேண்டும். விமானச் செலவு தனி. கையில் காசிருப்பவனுக்குக் கூண்டுக்குள் நின்று வெள்ளைச் சுறாவோடு ஒரு படம், கூடவே ‘தொண்டர்’ பட்டம். அந்தப் பணம் இல்லாவிட்டால் ஆய்வே படுத்துவிடும் என்று நிலையங்களை நடத்துகிறவர்கள் சொல்கிறார்கள். இருக்கட்டும். என் கவலை வேறு. படத்துக்கு அழகாக இருக்கும் இடத்தில் ஆள் கூடுகிறது. சுறா சாகிற இடத்தில் ஆளே இல்லை.

சுறாவை அதிகம் பிடிக்கும் நாடுகளின் வரிசையில் இந்தியா முன்னால் நிற்கிறது. உலகில் உள்ள சுறா, திருக்கை இனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அழிவின் விளிம்பை நோக்கிப் போவதாக 2021-ல் கணக்கெடுத்தார்கள். எது குறைகிறது, எது குட்டியிலேயே மாட்டுகிறது என்பதற்கான பதில் நம் ஏலக்கூடத் தரையில்தான் கிடக்கிறது. வெயில் ஏறுவதற்குள் அதுவும் துண்டாகி ஐஸ் பெட்டிக்குள் போய்விடும்.

2016-ல் மும்பை சசூன் துறைமுகத்தில் மீனோடு மீனாக ஒரு பெண் சுறா வந்து இறங்கியது. பார்த்தவர்களுக்கு விஷயம் தெரிந்திருந்ததால் அது கங்கைச் சுறா என்று கண்டுகொண்டார்கள். பத்து வருடத்துக்கு மேலாக யாரும் உறுதியாகப் பார்த்திராத இனம். அன்றைக்கு அங்கே அந்தக் கண்கள் இல்லாவிட்டால் அது கிலோக் கணக்கில் போயிருக்கும். நம் பக்கத்து ஊர்ப் பெயரைச் சுமக்கும் புதுச்சேரிச் சுறாவும் அப்படித்தான். 1979-க்குப் பிறகு உறுதியான மாதிரி கிடைக்கவில்லை. அதுவும் என்றாவது அகப்பட்டால் இப்படி ஒரு குவியலில்தான் அகப்படும் என்று நினைக்கிறேன்.

இப்படிச் சுறாவைப் பார்த்துக் குறித்துவைக்க நீச்சல் தெரிய வேண்டாம். பிரிட்டனில் கடற்கரையில் நடக்கப் போகிறவர்கள்கூடக் காய்ந்து ஒதுங்கிய சுறா முட்டைக் கூடுகளைப் பொறுக்கி, தண்ணீரில் ஊறவைத்து, இனம் பார்த்துப் பதிவு செய்கிறார்கள். 2003-லிருந்து அந்த வேலை நடக்கிறது. நமக்கு வேண்டியது ஒரு டேப், ஒரு நோட்டு, நாற்றம் தாங்கும் மூக்கு. முக்கியமாக, மீனவரைக் குற்றவாளியாகப் பார்க்காத மனசு. எந்தச் சுறா எந்தக் காற்றில் வரும் என்பது அவருக்குத் தெரிந்த அளவுக்கு நமக்குத் தெரியாது. அவரிடம் கேட்டு எழுதுகிறவர்கள் அவர் பெயரையும் எழுதட்டும்.

பஹாமாஸ் போக முடிந்தவர்கள் போய் வாருங்கள். மற்றவர்கள், அடுத்த முறை பால் சுறா வாங்கும்போது அதை ஒரு தரம் புரட்டி, தொண்டைக்குக் கீழே பாருங்கள். தொப்புள் ஆறாமல் இருந்தால் வாங்காதீர்கள்.