எண்ணை உடைக்கும் எந்திரம்!

129 இலக்கங்கள் கொண்ட ஓர் எண். அதை உடைத்துக் காட்டினால் 100 டாலர் பரிசு!

1977-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், அமெரிக்காவின் 'சயன்டிபிக் அமெரிக்கன்' பத்திரிகையில் இப்படி ஒரு போட்டி வெளிவந்தது. கணக்குப் புதிர்கள் எழுதிப் புகழ் பெற்ற மார்ட்டின் கார்ட்னர் தம் பகுதியில் அதை வெளியிட்டார்.

எண்ணை எப்படி உடைப்பது?

மூவைந்து பதினைந்து. ஆகவே 15-ஐ உடைத்தால் 3-ம் 5-ம் கிடைக்கும். அதற்கு மேல் 3-ஐயும் 5-ஐயும் உடைக்க முடியாது. இப்படி உடைபடாத எண்களுக்குப் 'பகா எண்கள்' என்று பெயர்.

89-ஐ 97-ஆல் பெருக்கச் சொன்னால், பள்ளிக்கூடப் பையன் ஒரு நிமிடத்தில் 8,633 என்று எழுதிவிடுவான். '8,633 எந்த இரண்டு எண்களைப் பெருக்கி வந்தது?' என்று கேட்டுப் பாருங்கள். 3-ஆல் வகுத்துப் பார்ப்பான், 7-ஆல் வகுத்துப் பார்ப்பான், 11-ஆல் வகுத்துப் பார்ப்பான். சாப்பாட்டு மணி அடித்துவிடும்!

பிராங்க் நெல்சன் கோல் என்ற அமெரிக்கக் கணித மேதை, 21 இலக்க எண் ஒன்றை உடைத்தார். 1903-ம் ஆண்டு நியூயார்க்கில் நடந்த கூட்டத்தில் அதைப் பலகையில் பெருக்கிக் காட்டினார். இதற்கு எவ்வளவு காலம் ஆயிற்று என்று பிறகு ஒருவர் கேட்டாராம். 'மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள்' என்றாராம் கோல்!

உண்டியல் பூட்டு

இந்தக் கஷ்டத்தையே பூட்டாக ஆக்கினார்கள் மூன்று பேர். ரிவெஸ்ட், ஷமீர், ஆடில்மன் என்பவர்கள். மூவரும் அப்போது அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இருந்தவர்கள்.

கோவில் உண்டியலில் யார் வேண்டுமானாலும் காசு போடலாம். சாவி வைத்திருப்பவர்தான் திறக்க முடியும். இவர்களுடைய பூட்டும் அப்படித்தான். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி, வரும் விடையை ஊருக்கெல்லாம் சொல்லிவிடலாம். அதைக் கொண்டு யாரும் ரகசியச் செய்தி அனுப்பலாம். செய்தியைத் திறந்து படிக்க, அந்த இரண்டு எண்களும் தெரிய வேண்டும்.

கார்ட்னர் வெளியிட்ட 129 இலக்க எண், இவர்கள் செய்த பூட்டு. அதற்குள் ஒரு செய்தியும் இருந்தது. உடைக்க 400 கோடி கோடி ஆண்டு ஆகும் என்று மதிப்பிட்டார்கள். இந்த அண்டம் பிறந்தே 1,380 கோடி ஆண்டுதான் ஆகிறது!

ஆனால் 17 ஆண்டில் பூட்டு உடைந்தது. சுமார் 600 பேர், 20-க்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து, தங்கள் கம்ப்யூட்டர்களை எட்டு மாதம் ஓட விட்டார்கள். 1994 ஏப்ரலில் விடை வந்தது. ஓர் எண்ணுக்கு 64 இலக்கம், மற்றதற்கு 65. உள்ளே இருந்த செய்தி? 'மந்திரச் சொற்கள்: அருவருப்படையும் எலும்புண்ணிக் கழுகு.' இதற்கு ஒரு பொருளும் இல்லை, வேடிக்கைக்கு எழுதியது!

இதனால் யாரும் பயந்துவிடவில்லை. எண்ணை நீளமாக்கினால் போதும் என்றார்கள். 617 இலக்கம் வரை நீட்டினார்கள். வங்கிக் கணக்கு, கடைக்குக் கட்டும் பணம், அரசாங்கக் கடிதம் எல்லாம் இப்படிப்பட்ட பூட்டுகளுக்குள் போயின.

ஷோர் கண்ட வழி

அதே 1994-ல், நியூ ஜெர்சியில் பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த பீட்டர் ஷோர் ஒரு வழியைக் கண்டுபிடித்தார். எண்ணை நீளமாக்கினாலும் அதற்குத் தப்ப முடியாது.

15-ஐ வைத்து, வழியை நீங்களே நடந்து பார்க்கலாம். 2-ஐ இரட்டித்துக்கொண்டே போங்கள்: 2, 4, 8, 16, 32, 64, 128, 256. ஒவ்வொன்றையும் 15-ஆல் வகுத்து, மீதியை மட்டும் எழுதுங்கள்: 2, 4, 8, 1, 2, 4, 8, 1. நாலு படிக்கு ஒரு முறை அதே வரிசை திரும்பி வருகிறது, பார்த்தீர்களா?

நாலில் பாதி இரண்டு. இரண்டாவது மீதி 4. அதில் ஒன்றைக் கழித்தால் 3. ஒன்றைக் கூட்டினால் 5. பூட்டு திறந்துவிட்டது!

பெரிய எண்களில் இன்னும் சில வகுத்தல்கள் உண்டு. அவை எளியவை. வரிசை எத்தனை படிக்கு ஒரு முறை திரும்புகிறது என்று கண்டுபிடிப்பதுதான் மலை போன்ற வேலை. 617 இலக்க எண்ணில் அந்த வரிசை எண்ணி முடியாத நீளம். சாதாரணக் கம்ப்யூட்டர் படிப்படியாக நடந்து களைத்துப் போகும்.

குவாண்டம் கம்ப்யூட்டர் வேறு விதமாக வேலை செய்கிறது. குளத்தில் இரண்டு கல்லை எறிந்தால், அலைகள் சந்திக்கும் இடத்தில் சில உயரும், சில அடங்கிவிடும். அணு அளவில் உள்ள பொருள்களுக்கும் அலையின் குணம் உண்டு. ஷோரின் கணக்கில் தவறான விடைகளின் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். சரியான விடைக்கு உரிய அலை ஓங்கும். இப்படிக் கணக்குப் போடும் நுண்ணிய உறுப்புக்குக் 'கியூபிட்' என்று பெயர்.

எந்திரம் எங்கே?

2001-ல் கலிபோர்னியாவில் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தார் ஒரு குழாயில் இருந்த திரவத்தையே எந்திரமாக்கினார்கள். ஒவ்வொரு மூலக்கூறிலும் ஏழு கியூபிட்டுகள். அது உடைத்த எண் என்ன தெரியுமா? 15!

2012-ல் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகர விஞ்ஞானிகள் 21-ஐ உடைத்தார்கள். விடை தெரிந்திருந்ததால் எந்திரத்துக்குப் பாதையைச் சுருக்கிக் கொடுத்தார்கள் என்று குறை சொன்னவர்களும் உண்டு. குறை நியாயமானதே.

கியூபிட் தொட்டாற்சுருங்கி போன்றது. கொஞ்சம் சூடு, கொஞ்சம் அதிர்வு பட்டாலும் கணக்கு கெட்டுவிடும். ஒரு கியூபிட் செய்யும் தவறைத் திருத்தப் பல கியூபிட்டுகள் காவல் இருக்க வேண்டும். 617 இலக்க எண்ணை உடைக்க 2 கோடி கியூபிட்டுகள் வேண்டும், எட்டு மணி நேரம் ஆகும் என்று 2019-ல் கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கைப் போட்ட இருவரில் ஒருவர் கூகிள் நிறுவனத்தின் கிரெய்க் கிட்னி. அவரே 2025-ல் மறுபடி கணக்குப் போட்டு, 10 லட்சத்துக்கும் குறைவான கியூபிட்டுகள் போதும், ஒரு வாரத்துக்குள் முடியும் என்றார். எந்திரம் வருவதற்குள் கியூபிட்டுகளின் தேவை 20-ல் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது!

எந்திரம் இன்னும் தயாராகவில்லையே, இப்போது என்ன அவசரம் என்று தோன்றலாம். திருடன் பெட்டியைத் திறக்க முடியாவிட்டால் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போவான். அதுபோல, இன்று பூட்டி அனுப்பும் செய்தியை அப்படியே நகல் எடுத்து வைத்து, எந்திரம் வந்த பிறகு திறந்து பார்க்கலாம். மறுநாள் பழசாகிவிடும் செய்தி என்றால் கவலை இல்லை. ஒருவருடைய நோய் விவரமும், ஒரு நாட்டின் ராணுவ விவரமும் 20 ஆண்டு கழித்தும் ரகசியம்தான்.

ஆகவே பூட்டை மாற்றத் தொடங்கிவிட்டார்கள். அமெரிக்காவின் தர நிர்ணய நிலையம் 2016-ல் புதிய பூட்டுகள் கேட்டு உலகம் முழுவதும் அழைப்பு விட்டது. பலவற்றைச் சோதித்து, 2024 ஆகஸ்டில் மூன்றை வெளியிட்டது. எண்ணை உடைக்கும் கஷ்டத்தை இந்தப் பூட்டுகள் நம்பியிருக்கவில்லை. ஷோரின் வழி இவற்றிடம் செல்லாது.

கைபேசியில் செய்தி அனுப்பும் 'சிக்னல்' 2023-லேயே புது வகைப் பூட்டைச் சேர்த்துக்கொண்டது. ஆப்பிள் நிறுவனம் 2024-ல் தன் செய்திப் பகுதியில் சேர்த்தது. பயன்படுத்தியவர்களில் பலருக்கு மாறியதே தெரியாது. அலுவலகங்களில் ஆயிரக்கணக்கான பழைய எந்திரங்கள் இருப்பதால் அங்கே வேலை மெதுவாகத்தான் நடக்கும். அமெரிக்க அரசு தன் அலுவலகங்களுக்கு 2022-ல் ஓர் இலக்கு வைத்தது. ஆண்டு: 2035.