மூன்றாம் பக்கத்திலும் தலைப்பு வேண்டும்

மல்லாவியில் மகளிர் கடன் குழுவொன்றின் கணக்குப் பட்டியல் மூன்று பக்கம். 'பெயர், கடன், செலுத்தியது, நிலுவை' என்ற நிரல் தலைப்புகள் முதற் பக்கத்தில் மட்டுமே இருந்தன. மூன்றாம் பக்கத்தில் பெயர் இருந்த அக்கா ஒருவர், தான் கட்டி முடித்த 18,000 ரூபாவை நிலுவையென்று வாசித்து, தோட்டை அடகு வைக்கப் புறப்பட்டுவிட்டார். அவர் கட்ட வேண்டியிருந்தது 6,000 ரூபாதான். பட்டியலைத் தயாரித்தவள் நான்.

"இவைக்குக் கணக்கு வாசிக்கத் தெரியாது" என்று அங்கிருந்த ஒருவர் சிரித்தார். வாசிக்கத் தலைப்பு எங்கே இருந்தது?

வேர்ட் மென்பொருளில் இது ஒரு நிமிட வேலை. அட்டவணையின் முதல் நிரையைத் தெரிவுசெய்து 'ரிப்பீட் ஹெடர் ரோஸ்' என்பதை அழுத்தினால், ஒவ்வொரு பக்கத்திலும் தலைப்பு தானாக வரும். நாமாகப் பக்கத்தைப் பிரித்தால் மட்டும் வராது. நூல்களை அச்சுக்கோக்கும் லேடெக் முறையிலோ சாதாரண அட்டவணை அடுத்த பக்கத்துக்குப் போகாது. 'லோங்டேபிள்' பொதியைச் சேர்த்து, தலைப்பு நிரைக்குக் கீழே 'எண்ட்ஹெட்' கட்டளையை இட வேண்டும்.

தமிழ்த் தலைப்புகள் நீளமானவை. இடம் போதாதென்று 'செலு.', 'நிலு.' எனச் சுருக்காதீர்கள். இரண்டு வரியாக மடித்து எழுதுங்கள்.

புதிய பட்டியலைக் கொடுத்தபோது அந்த அக்கா தலைப்பில் விரலை வைத்து, கீழே இறங்கி இறங்கி வாசித்தார். பக்கத்து வீட்டுக்காரியின் கணக்கையும் சேர்த்துத்தான்.