சொல்லுக்கு அப்பாலான 'ஒருமை'

பிற்காலக் கிரேக்க மெய்யியலின் பெருஞ்சிந்தனையாளர் புளொட்டினஸ். கி.பி. 244 முதல் ரோமில் போதித்தவர், 270இல் மறைந்தார். அவரது 54 கட்டுரைகளை, ஒன்பது ஒன்பதாக ஆறு தொகுதிகளாக்கியவர் மாணவர் போர்பிரி.

யாவற்றுக்கும் மூலம் 'ஒருமை' என்கிறார் அவர். சூரியனிலிருந்து ஒளி பரவுவதுபோல ஒருமையிலிருந்து பேரறிவும், பேரறிவிலிருந்து ஆன்மாவும் தோன்றுகின்றன. மூலமோ குறைவதில்லை.

அந்த மூலத்தை 'உள்ளது' என்றாலே அதற்கு வரம்பிட்டு விடுகிறோம். 'ஒன்று' என்ற பெயரும் பன்மையை மறுப்பதற்கு மட்டுமே.

சொல்லில் அடங்காததைப் பற்றி ஏன் எழுத வேண்டும்? எழுத்து வழிகாட்டும், காண்பது அவரவர் முயற்சி என்பதே அவரது விடை. சிற்பி கல்லைச் செதுக்குவதுபோல, வேண்டாதவற்றைக் களைந்து உள்நோக்கித் திரும்ப வேண்டும்.

தாம் உடனிருந்த காலத்தில் நான்கு முறையே குரு அந்நிலையை எய்தினார் என்கிறார் போர்பிரி. மிகைப்படுத்தாத அந்தக் கணக்கே எனக்கு நம்பிக்கை தருகிறது.